‘பார்லே’ வினையும் பிரெஞ்சு இறந்தகாலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சு எடுத்தவர்கள், கனடா போவதற்காக டெஃப் என்ற பிரெஞ்சுத் தேர்வுக்குப் படிப்பவர்கள், பாரிஸில் வேலை பார்த்துக்கொண்டே காதால் பிரெஞ்சு பிடித்தவர்கள் என எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நிகழ்காலம் ஓரளவு கைவந்திருக்கும். ‘நேற்று’ என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கியதும் நாக்கு நின்றுவிடும். அப்போது வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. மாதிரிக்கு எடுத்துக்கொண்டது ‘பார்லே’, அதாவது பேசு என்ற வினை. எழுத்துக்கூட்டினால் பி, ஏ, ஆர், எல், ஈ, ஆர்.

எழுத்துகளுக்கு ஆங்கிலப் பெயர்களையே வைத்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் அவற்றை வேறு மாதிரி சொல்வார்கள், அதை இப்போது இழுத்துவந்தால் குழப்பம்தான் கூடும். தமிழில் எழுதியிருக்கும் உச்சரிப்பு கிட்டத்தட்டத்தான். ‘ர்’ தொண்டையிலிருந்து வர வேண்டும், ‘ஓன்’, ‘ஆன்’ என்று முடியும் இடங்களில் ‘ன்’ மூக்கில் கரைந்துவிட வேண்டும்.

பிரெஞ்சில் எத்தனை இறந்தகாலம் இருக்கிறது? எதை முதலில் படிப்பது?

பேச்சிலும் கடிதத்திலும் தினமும் புழங்குவது இரண்டு: பாஸே கொம்போஸே, ஆம்பர்ஃபே. நடந்ததற்கும் முன்னால் நடந்ததைச் சொல்ல ப்ளூஸ்-க-பார்ஃபே உண்டு. புத்தகத்துக்குள் மட்டும் குடியிருக்கும் பாஸே சாம்ப்ல் என்று இன்னொன்றும் உண்டு. முதலில் பாஸே கொம்போஸேயைப் படியுங்கள். ‘நேற்று என்ன ஆச்சு?’ என்று யார் கேட்டாலும் பதில் பெரும்பாலும் அதில்தான் வரும்.

பாஸே கொம்போஸே எப்படி அமைகிறது?

இரண்டு சொல் சேர்ந்து ஒரு வினை. முதல் சொல் துணைவினை, பெரும்பாலும் ‘அவ்வார்’ என்ற வினையின் நிகழ்கால வடிவம். அவ்வார் என்றால் ஒன்றை வைத்திருப்பது, உடையவராக இருப்பது. இரண்டாவது சொல் ‘பார்த்திசிப் பாஸே’ எனப்படும் எச்ச வடிவம். பார்லே வினைக்கு அது கடைசி ஈ-ஆர் இரண்டையும் எடுத்துவிட்டு, தலையில் சாய்கோடு போட்ட ஓர் ஈ வைப்பது. அந்தக் கோட்டுக்கு அக்சான் தேகூ என்று பெயர். இனி அந்த எழுத்தைச் சுருக்கமாகக் கோட்டு-ஈ என்கிறேன்.

தமிழ் பேசுகிறவருக்கு இந்த அமைப்பு புதிதே அல்ல. பேசியிருக்கிறேன், பேசியிருக்கிறாய், பேசியிருக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். ‘பேசி’ அசையாமல் நிற்கிறது. பேசியது யார் என்ற சுமையை ‘இரு’ சுமக்கிறது. பிரெஞ்சிலும் இதே வேலைப் பங்கீடுதான், வரிசை மட்டும் தலைகீழ்: துணைவினை முன்னால், எச்சம் பின்னால். அதனால் மனப்பாடம் செய்ய வேண்டியது பார்லே வினையை அல்ல, அவ்வார் வினையைத்தான். அதன் ஆறு வடிவங்கள் வந்துவிட்டால் ஆயிரக்கணக்கான வினைகளுக்கு இறந்தகாலம் கைக்கு வந்துவிடும்.

பொருளில் ஒரு விஷயம். பேசினேன், பேசியிருக்கிறேன் இரண்டுக்கும் பிரெஞ்சில் ஒரே வடிவம்தான். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதை ‘ஐ ஹேவ் ஸ்போக்கன்’ என்று மட்டும் எடுத்துக்கொண்டு, கூடவே ‘நேற்று’ போடலாமா என்று தயங்குவார்கள். தாராளமாகப் போடலாம். ‘இயேர், ஜே பார்லே’ என்பது சுத்தமான பிரெஞ்சு.

ஆறு வடிவங்களையும் ஒரே இடத்தில் காட்ட முடியுமா?

ஜே பார்லே – நான் பேசினேன்
த்யூ ஆ பார்லே – நீ பேசினாய்
இல் ஆ பார்லே, எல் ஆ பார்லே – அவன் பேசினான், அவள் பேசினாள்
நூ ஸவோன் பார்லே – நாங்கள் பேசினோம்
வூ ஸவே பார்லே – நீங்கள் பேசினீர்கள்
இல் ஸோன் பார்லே, எல் ஸோன் பார்லே – அவர்கள் பேசினார்கள்

எழுதும்போது அவ்வார் வடிவங்கள் முறையே ஏ-ஐ, ஏ-எஸ், ஏ, ஏ-வி-ஓ-என்-எஸ், ஏ-வி-ஈ-இசட், ஓ-என்-டி. ‘நான்’ என்ற ‘ஜ’ மட்டும் தன் கடைசி ஈயை இழந்து, மேற்குறியோடு ‘ஜே’ என்று ஒட்டிக்கொள்ளும். ‘த்யூ ஆ’வில் வரும் எஸ் ஒலிக்காது. நீ பேசினாலும் அவன் பேசினாலும் காதுக்கு ஒரே ‘ஆ’தான், தாளில்தான் வித்தியாசம்.

பட்டியலில் இல்லாத ஒன்று ‘ஒன் நா பார்லே’. பிரெஞ்சுக்காரர்கள் வீட்டிலும் தெருவிலும் ‘நாங்கள்’ என்பதற்கு ‘நூ’வைவிட ‘ஒன்’ என்பதைத்தான் அதிகம் சொல்கிறார்கள். அதற்கு வினை ‘அவன்’ வடிவத்தில் வரும், அதாவது வெறும் ஏ. பாடப்புத்தகத்தில் இதை ஓரமாகத்தான் போடுகிறார்கள். பாரிஸில் இறங்கிய முதல் நாளே காதில் விழப்போவது இதுதான்.

த்யூ, வூ வித்தியாசத்தை ஆங்கிலேயருக்கு விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்கு நீ, நீங்கள் என்றால் போதும். மரியாதைக்குரிய ஒருவருக்கும் வூ, பலருக்கும் வூ.

‘இல் ஸோன்’ என்று சொன்னால் திருத்துகிறார்களே, ஏன்?

உங்கள் வாயில் ‘இல் சோன்’ என்று வந்திருக்கும். தமிழ்க் காது எளிதில் தவறவிடும் இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

‘அவர்கள்’ என்ற சொல்லின் கடைசியில் ஓர் எஸ் இருக்கிறது. சாதாரணமாக அது ஊமை. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் அது விழித்துக்கொண்டு, ஆங்கில இசட் போல அதிர்ந்து ஒலிக்கும். இப்படி இரண்டு சொல்லும் ஒட்டிக்கொள்வதற்கு லியேஸோன் என்று பெயர். நான் ‘ஸ’ என்று எழுதியிருப்பது அந்த அதிர்வுள்ள ஒலியை. அதிர்வில்லாமல் ‘ச’ என்று சொன்னால் துணைவினையே மாறிப்போகும். ‘இல் சோன்’ என்பது ‘எத்ர்’ என்ற வேறொரு வினையின் வடிவம், அவர்கள் இருக்கிறார்கள் என்று பொருள். ‘இல் சோன் பார்லே’ என்றால் ‘அவர்கள் பேசினார்கள்’ என்ற பொருள் வராது.

இதே வில்லங்கம் இன்னும் இரண்டு இடத்தில் உண்டு. ‘நூ ஸவோன்’ என்றால் எங்களிடம் இருக்கிறது, ‘நூ சவோன்’ என்றால் எங்களுக்குத் தெரியும். ‘வூ ஸவே’, ‘வூ சவே’ ஜோடியும் அப்படியே. விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். ‘ஸ’ வரும்போது விரலுக்குக் கீழே அதிர வேண்டும், ‘ச’ வரும்போது அதிரக்கூடாது.

பார்லே என்று காதில் விழுகிறது. கடைசியில் ஈ-ஆர் போடுவதா, கோட்டு-ஈ போடுவதா, ஈ-இசட் போடுவதா?

மூன்றும் ஒரே ஒலி. தமிழில் எழுதினாலும் மூன்றும் ‘பார்லே’தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரான்சில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் ‘ஜே’ போட்டுவிட்டு ஈ-ஆர் எழுதி, ‘திக்தே’ எனப்படும் சொல்வதெழுதுதலில் மதிப்பெண்ணை விடுகிறார்கள். பேசிப் பழகிவிட்டுப் பிறகு எழுத வருபவர்களுக்கு இது இன்னும் படுத்தும், காது உதவிக்கு வராது.

அங்கே பள்ளிகளில் சொல்லித்தரும் குறுக்குவழி ஒன்று உண்டு. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ‘வாந்த்ர்’ (விற்பது) என்ற வினையைப் போட்டுப் பாருங்கள். அதன் மூல வடிவம் வாந்த்ர், எச்ச வடிவம் வாந்த்யூ. இரண்டும் ஒலியிலேயே வேறு. ‘ஜே வாந்த்யூ’ பொருந்துகிறது, ஆகவே ‘ஜே பார்லே’வில் கோட்டு-ஈ. ‘ஜ வெ வாந்த்ர்’ (நான் விற்க விரும்புகிறேன்) பொருந்துகிறது, ஆகவே ‘ஜ வெ பார்லே’வில் ஈ-ஆர். முன்னால் ‘வூ’ எழுவாயாக நின்று துணைவினை இல்லாமல் இருந்தால் ஈ-இசட்.

நம் பங்குக்கு ஒரு தமிழ்ச் சோதனையும் உண்டு. மனதுக்குள் தமிழில் ‘பேச’ என்று வந்தால் ஈ-ஆர்: பேச விரும்புகிறேன், பேச முடியாது, பேசத் தொடங்கினாள். ‘பேசினேன்’, ‘பேசியிருக்கிறேன்’ என்று வந்தால் கோட்டு-ஈ. ‘பேசுகிறீர்கள்’ என்றால் ஈ-இசட். இது நழுவும் இடம் ‘பேசாமல்’. பிரெஞ்சில் ‘சான் பார்லே’, ‘சான்’ என்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின் எப்போதும் ஈ-ஆர்தான். ‘பூர்’, ‘த’, ‘ஆ’ போன்றவற்றுக்குப் பிறகும் அதே கதை.

இன்னொன்று. கோட்டை மறந்து வெறும் ஈ போட்டால் அது நிகழ்கால வடிவம் ஆகிவிடும், ‘பார்ல்’ என்று வாசிப்பார்கள். கோடு அலங்காரத்துக்கு இல்லை.

ஈ-ஆரில் முடியும் எல்லா வினைக்கும் இப்படியேவா? விதிவிலக்கு எத்தனை?

ஒன்றுகூட இல்லை. பிரெஞ்சு வினைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது ஈ-ஆரில் முடிபவை. அத்தனைக்கும் எச்ச வடிவம் கோட்டு-ஈதான்.

நிகழ்காலத்தில் ஆட்டம் காட்டும் வினைகள்கூட இங்கே அடங்கிப்போகின்றன. ‘அலே’ (போ) நிகழ்காலத்தில் ‘வே’, ‘வா’, ‘அலோன்’ என்று ஆளையே மாற்றிக்கொள்ளும். எச்ச வடிவம் சாதுவாக ‘அலே’. ‘ஆஷ்தே’ (வாங்கு) நிகழ்காலத்தில் ஒரு கோட்டைக் கூட்டிக்கொள்ளும், ‘ஆப்லே’ (கூப்பிடு) ‘எல்’ என்ற எழுத்தை இரட்டிக்கும், ‘மான்ஜே’ (சாப்பிடு) ‘நாங்கள்’ வடிவத்தில் ஓர் ஈயைச் செருகிக்கொள்ளும். இறந்தகாலத்தில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. உண்மையில் பாஸே கொம்போஸே நிகழ்காலத்தைவிட எளிது. பாடப்புத்தகம் அதை பத்தாவது பாடம் வரை தள்ளிவைப்பதால்தான் பயமாகத் தெரிகிறது.

பிரெஞ்சுக்குப் புதிதாக வந்து சேரும் வினைகளும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்கின்றன. சமூக ஊடகத்தில் லைக் போட்டேன் என்பதற்கு ‘ஜே லைக்கே’ என்கிறார்கள்.

ஐ-ஆர், ஆர்-ஈ என்று முடியும் வினைகள்?

ஒழுங்கான ஐ-ஆர் வினைக்குக் கடைசி ஆரை எடுத்தால் போதும்: ஃபினிர் (முடி), ஜே ஃபினி. ஒழுங்கான ஆர்-ஈ வினைக்கு அந்த இரண்டையும் எடுத்துவிட்டு யு: அத்தாந்த்ர் (காத்திரு), ஜே அத்தாந்த்யூ. ஆனால் ஐ-ஆர் கூட்டத்தில் ஒழுங்கில்லாதவை நிறைய. ‘உவ்ரிர்’ (திற) என்பதன் எச்சம் ‘உவேர்’. அவற்றை ஒவ்வொன்றாகத்தான் படிக்க வேண்டும், வழியில்லை.

‘பேசவில்லை’ என்று எப்படிச் சொல்வது?

‘ஜ நே பா பார்லே.’ எதிர்மறைச் சொற்கள் துணைவினையை இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்ளும், எச்சம் வெளியே நிற்கும். நிகழ்காலத்தில் ‘ஜ ந பார்ல் பா’ என்று ‘பா’ வினைக்குப் பின்னால் வந்து பழகிவிட்டதால், பலர் இங்கேயும் அதைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். உண்மையில் விதி மாறவே இல்லை: யாருக்கு ஏற்ப வினை மாறுகிறதோ அந்தச் சொல்லைத்தான் எதிர்மறை அணைக்கும். இங்கே மாறுவது துணைவினை.

பேச்சில் முதல் பாதி விழுந்துவிடும்: ‘ஜே பா பார்லே’. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், தேர்வுத்தாளில் முழுசாக எழுதுங்கள்.

‘யாரும்’ என்ற பொருள் தரும் ‘பெர்சொன்’ இந்த அணைப்புக்குள் வராது, எச்சத்துக்கும் பின்னால் போய் உட்காரும். யாரிடமும் பேசவில்லை என்பது ‘ஜ நே பார்லே ஆ பெர்சொன்’.

துணைவினைக்கும் எச்சத்துக்கும் இடையே உள்ள அந்தச் சின்ன இடைவெளியில் வேறு சிலரும் வந்து உட்காருவார்கள். ‘தேஜா’ (ஏற்கெனவே), ‘பியான்’ (நன்றாக), ‘த்ரோ’ (அளவுக்கு மீறி), ‘போகூ’ (நிறைய) எல்லாம் அங்கேதான். ‘ஜே த்ரோ பார்லே’ என்றால் நான் ரொம்பப் பேசிவிட்டேன். ‘நேற்று’, ‘இன்று’ போன்ற காலச்சொற்கள் வாக்கியத்தின் முதலிலோ கடைசியிலோ.

கேள்வியாக மாற்ற?

வீட்டில் பேசும்போது குரலை உயர்த்தினால் போதும்: ‘த்யூ ஆ பார்லே?’ கொஞ்சம் ஒழுங்காக வேண்டுமென்றால் முன்னால் ‘எஸ்க’ சேருங்கள். எழுத்தில் துணைவினையும் எழுவாயும் இடம் மாறும்: ‘அவே-வூ பார்லே?’ அவன், அவள் என்று வந்தால் நடுவே ஒரு டி நுழையும்: ‘ஆ-தில் பார்லே?’ இரண்டு உயிரொலி முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த டி. நாம் உடம்படுமெய் போடுகிறோமே, அதே வேலை.

எந்த வினைகளுக்கு ‘அவ்வார்’ போய் ‘எத்ர்’ வருகிறது?

எண்ணிக்கை குறைவுதான். ஈ-ஆர் வினைகளில் அடிக்கடி வருபவை: அலே (போ), அரிவே (வந்து சேர்), ஆன்த்ரே (நுழை), ரெஸ்தே (தங்கு), தோம்பே (விழு), மோந்தே (ஏறு), ரான்த்ரே (வீடு திரும்பு), பாஸே (கடந்து போ). மற்றவற்றில் வருவது, புறப்படுவது, வெளியே போவது, இறங்குவது, பிறப்பது, இறப்பது. ‘ச’ சேர்ந்து தன்னையே குறிக்கும் வினைகள் எல்லாமும் எத்ர்தான்: ‘ஜ ம சுயி லவே’, நான் குளித்தேன்.

ஆங்கிலப் பாடநூல்கள் முதலெழுத்துகளைக் கோத்து ‘டாக்டர் மிஸஸ் வாண்டர்ட்ராம்ப்’ என்று ஒரு பெயரை உண்டாக்கி மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. பிரெஞ்சு வகுப்புகளில் ஒரு வீட்டை வரைந்து, வாசலில் நுழைவது, மாடி ஏறுவது, படியில் விழுவது என்று வினைகளை இடம் பார்த்து வைப்பார்கள். எனக்குக் கேட்டால் வீடுதான் மேல். அந்த அம்மாளின் பெயரில் எந்த எழுத்து எந்த வினை என்று யோசிப்பதற்குள் தேர்வு நேரம் போய்விடும்.

அசைவு இருந்தாலே எத்ர் என்று நினைத்துவிட வேண்டாம். நடப்பதற்கு (மார்ஷே) அவ்வார், ஓடுவதற்கும் அவ்வார்.

இதில் தமிழருக்கு ஒரு சலுகை இருக்கிறது. ‘ஜ சுயி மோந்தே’ என்றால் ஏறினேன். ‘ஜே மோந்தே லா வலீஸ்’ என்றால் பெட்டியை மேலே ஏற்றினேன். வினை ஒன்றே, துணைவினை மாறுகிறது. நாம் ஏறு, ஏற்று என்று வினையையே மாற்றுகிறோம். இறங்கினேன் என்றால் எத்ர், இறக்கினேன் என்றால் அவ்வார். திரும்பினேன் என்றால் எத்ர், சீட்டைத் திருப்பினேன் என்றால் அவ்வார். தன்வினைக்கு எத்ர், பிறவினைக்கு அவ்வார் என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிறு கூட்டத்துக்குள் அநேகமாகத் தப்பாது. வெளியே உள்ள வினைகளுக்கு இதை நீட்டிக்க வேண்டாம். பேசுவதும் தன்வினைதான், அதற்கு அவ்வார்.

எத்ர் வந்தால் எச்சம் எழுவாயைப் பார்த்து மாறும். பெண் என்றால் ஓர் ஈ, பலர் என்றால் ஓர் எஸ், பல பெண்கள் என்றால் இரண்டும். ‘வந்து சேர்ந்தேன்’ என்று ஒரு பெண் எழுதினால் அரிவே என்பதன் கடைசியில் ஓர் ஈ கூடும். ஒலி மாறாது. பத்துப் பெண்களோடு ஓர் ஆண் இருந்தாலும் இலக்கணம் ஆண்பால் பன்மையைத்தான் கேட்கிறது.

அவ்வார் வந்தால் எச்சம் மாறவே மாறாது என்று படித்தேன். பிறகு ‘பார்லே’க்கு ஓர் ஈ கூட்டி எழுதியதைப் பார்த்தேனே?

நீங்கள் பார்த்தது ‘லா லாங் க ஜே பார்லே’ போன்ற வாக்கியமாக இருக்கும்: நான் பேசிய மொழி. எழுவாயைப் பார்த்து மாறாது என்பது சரி. ஆனால் செயப்படுபொருள் வினைக்கு முன்னாலேயே வந்துவிட்டால் எச்சம் அதைப் பார்த்து மாறும். மொழி என்ற ‘லாங்’ பெண்பால், முன்னால் வந்துவிட்டது, ஆகவே ஓர் ஈ. அதையே ‘ஜே பார்லே செத் லாங்’ என்று திருப்பிப் போட்டால் செயப்படுபொருள் பின்னால் போய்விட்டது, ஈ கிடையாது.

இப்படி ஒரு விதி எதற்கு? வேர் லத்தீனில் இருக்கிறது. ‘எழுதப்பட்ட கடிதம் ஒன்றை வைத்திருக்கிறேன்’ என்பது போன்ற லத்தீன் வாக்கியத்திலிருந்துதான் இந்தக் காலம் பிறந்தது. அங்கே ‘எழுதப்பட்ட’ என்பது கடிதத்துக்கு அடைமொழி, அதன் பாலையும் எண்ணையும் ஏற்றுக்கொண்டது. காலப்போக்கில் அது வினையாக உறைந்துபோனது, அடைமொழியின் வாசனை மட்டும் ஓர் ஓரத்தில் தங்கிவிட்டது. 16ஆம் நூற்றாண்டில் கவிஞர் க்ளெமான் மாரோ, இத்தாலியரைப் பார்த்து, செயப்படுபொருள் முன்னால் வந்தால் மட்டும் இணக்கம் (எச்சம் அதற்கேற்ப மாறுவது) என்று ஒரு கவிதையிலேயே விதி சொன்னார். இலக்கணக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்களுக்கே இது தலைவலி. 1901ஆம் ஆண்டிலேயே, எச்சத்துக்குப் பின் இன்னொரு வினை வந்தால் இணக்கம் இல்லாமல் எழுதுவதைத் தேர்வில் பொறுத்துக்கொள்ளலாம் என்று பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் ஆணையிட்டது. 1990ஆம் ஆண்டு எழுத்துத் திருத்தம், ‘லெஸ்ஸே’ (விடு) என்பதன் பின்னால் வேறு வினை வந்தால் இணக்கம் வேண்டாம் என்றது. 2018இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த இரண்டு முன்னாள் ஆசிரியர்கள் லிபெராசியோன் நாளிதழில், அவ்வாரோடு வரும் எச்சத்தை எப்போதும் மாறாமலே எழுதிவிடலாம் என்று வாதிட்டார்கள். சில வாரம் சண்டை நடந்தது. விதி இன்னும் பாடத்தில்தான் இருக்கிறது.

என் யோசனை, தொடக்கத்தில் இதைத் தள்ளிவையுங்கள். பார்லே போன்ற வினைகளில் இது காதில் விழுவதே இல்லை, எழுத்தில் மட்டும்தான். ஆறு வடிவங்கள் தயங்காமல் வந்த பிறகு இதற்கு வரலாம்.

வந்த பிறகு ஒரு கண்ணி காத்திருக்கிறது. ‘எல் ச சோன் பார்லே’, அந்தப் பெண்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். எத்ர் வந்திருக்கிறது, எழுவாய் பெண்பால் பன்மை, எனவே ஈயும் எஸ்ஸும் போடக் கை துடிக்கும். போடக்கூடாது. பிரெஞ்சில் ஒருவரை‘ப்’ பேசுவதில்லை, ஒருவரிடம் பேசுவது. ‘ச’ இங்கே நேர்ச் செயப்படுபொருள் அல்ல, நான்காம் வேற்றுமை போன்றது. ஆகவே வெறும் கோட்டு-ஈ. தேர்வு வைப்பவர்களுக்கு இந்த வாக்கியத்தின் மேல் தனிப் பிரியம்.

எப்போது பாஸே கொம்போஸே, எப்போது ஆம்பர்ஃபே?

‘குறுகிய செயலுக்கு முதலாவது, நீண்ட செயலுக்கு இரண்டாவது’ என்று சொல்லித்தருவதைக் கேட்டிருப்பீர்கள். அதை மறந்துவிடுங்கள். ‘இரண்டு மணி நேரம் பேசினேன்’ என்பதற்கு பாஸே கொம்போஸேதான். ‘லியோனில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன்’ என்றாலும் அதேதான். முப்பது வருஷம் நீண்டதுதான், ஆனால் அதற்கு இரண்டு கரையும் போட்டு மூடியாகிவிட்டது.

பார்க்க வேண்டியது நீளத்தை அல்ல, நீங்கள் எங்கே நின்று பேசுகிறீர்கள் என்பதை. செயலை முடிந்த ஒன்றாக வெளியே நின்று பார்த்தால் பாஸே கொம்போஸே. அதற்குள்ளே நின்று, அது ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னால் ஆம்பர்ஃபே.

தமிழ் இங்கே கைகொடுக்கிறது. ‘பேசிக்கொண்டிருந்தேன்’ என்று வருகிறதா? ஆம்பர்ஃபே. ‘அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன், ரயில் வந்தது’ என்பதில் முதல் பாதி ஆம்பர்ஃபே, ரயில் வந்தது பாஸே கொம்போஸே. ‘ஜ பார்லே அவெக் மா மேர், ல த்ரான் எ தரிவே.’ முதல் பார்லே ஏ-ஐ-எஸ் என்று முடியும் ஆம்பர்ஃபே என்பதைக் கவனியுங்கள், துணைவினை இல்லை. கதையில் வானிலை, வயது, மனநிலை, அறை எப்படி இருந்தது என்பதெல்லாம் ஆம்பர்ஃபே.

இரண்டாவது அடையாளம் கொஞ்சம் விநோதமானது. பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துகிறோம். ‘சின்ன வயசில் தினமும் கடற்கரைக்குப் போவோம், தாத்தா கதை சொல்லுவார்.’ போவோம் என்றாலும் அது நாளைக்கு அல்ல. தமிழில் இந்த ‘போவோம், சொல்லுவார்’ வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆம்பர்ஃபே போடலாம்.

ஆங்கிலம் வழியாக யோசித்தால் இரண்டும் கலங்கிவிடும், அங்கே ‘ஸ்போக்’ என்ற ஒரே சொல் இரண்டு இடத்திலும் வந்து நிற்கும். இதற்கு மட்டுமாவது தமிழிலிருந்து நேரே பிரெஞ்சுக்குப் போவது லாபம்.

சரி, ஆம்பர்ஃபேயில் பார்லே வினை எப்படி மாறும்?

நிகழ்கால ‘நூ பார்லோன்’ வடிவத்தை எடுத்து, கடைசி ஓ-என்-எஸ்ஸை வெட்டுங்கள். மிஞ்சும் பி-ஏ-ஆர்-எல்லோடு, நான், நீ இரண்டுக்கும் ஏ-ஐ-எஸ், அவன், அவளுக்கு ஏ-ஐ-டி, நாங்கள் ஐ-ஓ-என்-எஸ், நீங்கள் ஐ-ஈ-இசட், அவர்கள் ஏ-ஐ-ஈ-என்-டி. இதில் நான், நீ, அவன், அவர்கள் நான்கும் ஒரே ஒலி. ‘நாங்கள்’ வடிவம் ‘பார்லியோன்’, ‘நீங்கள்’ வடிவம் ‘பார்லியே’. இந்த வழி எல்லா வினைக்கும் செல்லும், எத்ர் ஒன்றுதான் விலக்கு.

ஒலியில் ஒரு நுணுக்கம்: ஆம்பர்ஃபே பார்லேயில் கடைசி ‘ஏ’ வாயைச் சற்று அகலத் திறந்து வரும், எச்சத்தின் ‘ஏ’ இறுக்கமானது. தெற்குப் பிரான்சில் பலர் இந்த வித்தியாசத்தைச் செய்வதில்லை. எனவே காதை நம்பாமல் துணைவினை இருக்கிறதா என்று பாருங்கள்.

பாஸே சாம்ப்ல் படிக்க வேண்டுமா?

பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும். ‘இல் பார்லா’ (அவன் பேசினான்), ‘இல் பார்லேர்’ (அவர்கள் பேசினார்கள்) இரண்டும்தான் கதைகளில் திரும்பத் திரும்ப வரும். யாரும் இதில் பேசுவதில்லை. நீங்கள் பேசினால் ‘அரசர் இயம்பினார்’ என்று டீக்கடையில் சொன்ன மாதிரி இருக்கும்.

கணினியிலும் ஃபோனிலும் கோட்டு-ஈயை எப்படித் தட்டச்சு செய்வது?

ஃபோனில் ஈ விசையை அழுத்திப் பிடித்தால் மேலே ஒரு வரிசை திறக்கும். அதில் வலப்பக்கம் ஏறும் கோடு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கம் ஏறுவது வேறு எழுத்து. விண்டோஸில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண்பலகையில் 0233 அடித்தால் வரும், எண்பலகை இல்லாத மடிக்கணினியில் பிரெஞ்சு விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்வது நல்லது. மேக்கில் ஆப்ஷனோடு ஈயை ஒருமுறை தட்டி, விசைகளை விட்டுவிட்டு மறுபடி ஈ. சோம்பல்பட்டு மேற்கோள் குறியை ஈக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. கணினியில் திருத்தும் பயிற்சிகள் அதைப் பிழையென்றே எடுத்துக்கொள்ளும்.